அசையும் சொத்து: இல்லை

நான் படித்தது எட்டாவது வரை. அந்த எட்டாவதையும் பாஸ் செய்தேனா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ரிசல்ட் வருவதற்குள் அப்பா என்னைத் திருநெல்வேலியில் ரயில் ஏற்றிவிட்டார். அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் முதல் பாதியில், தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் வாசல் ஓரமாக உட்கார்ந்து, காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முருகன் யாரை எந்த வேலையில் உட்கார வைப்பான் என்று நாமா சொல்ல முடியும்?

கடையில் எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்கல்ல, பாத்திரங்களில் பெயர் வெட்டுவதற்கு. வாங்குகிறவர்கள் சொல்கிற பெயரைச் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத வேண்டும். தமிழிலும் வெட்டுவேன், இங்கிலீஷ் பெரிய எழுத்திலும் வெட்டுவேன். இங்கிலீஷில் எனக்கு எழுத்துகள் இருபத்தாறும் நல்ல பழக்கம், மொழியோடுதான் பழக்கமில்லை. முழம் முழமாக வெட்டுவேன், அர்த்தம் கேட்டால் முழிப்பேன்.

விண்ணப்பத்தாள்களின் தலையில், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பவும் என்று அச்சடித்திருப்பார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதுதான் என் பிழைப்பே. எவர்சில்வர் தூக்கில் ஒரு எழுத்துத் தப்பினால் அந்தத் தூக்கு என் சம்பளத்தில் ஏறிவிடும். காகிதத்தில் தப்பினால் அழிக்க ரப்பராவது இருக்கிறது. எனக்கு அது சுலபமான வேலையாகவே தெரிந்தது.

முதலில் வந்தவர் பக்கத்து ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். அவர் மகன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தான். தி. நகரில் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வைத்திருந்த எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். வருஷா வருஷம் சில பிள்ளைகளுக்குக் காலேஜ் செலவுக்குக் கொடுப்பார்கள். சாதி கேட்க மாட்டார்கள். மார்க்கும் வறுமையும் இருந்தால் போதும். மார்க்கைப் பையன் வாங்கியிருந்தான். வறுமையை நான் எழுத வேண்டியிருந்தது.

அதில்தான் தகராறு. அவருக்கு உதவி வேண்டும், ஆனால் ஏழை என்று எழுதக் கூடாது. கொஞ்சம் கஷ்டம் என்று போடும்படி சொன்னார். கொஞ்சம் கஷ்டத்துக்குக் கொஞ்சம்தான் கொடுப்பார்கள் என்றேன்.

“அப்போ ரொம்பக் கஷ்டம்னே போடுங்க அண்ணாச்சி. ஆனா எம் மகன் கண்ணுல படாம எழுதிடுங்க” என்றார்.

மகனுடைய விண்ணப்பத்தை மகன் கண்ணில் படாமல் எழுதும் வித்தை எனக்குத் தெரியவில்லை. அவன் கையெழுத்துப் போடும்போது மேலே ஒரு பழைய பில் புத்தகத்தை வைத்து மூடிக்கொண்டேன்.

அவனுக்குக் கிடைத்தது. என் கை ராசியான கை என்று பேச்சுப் பரவிவிட்டது. ராசி என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விசாரணை கிடையாது. அடுத்த வருஷம் மே மாதம் பிறந்ததும், பெயர் வெட்ட வருகிறவர்களும் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லாத் தாளிலும் முதலில் பென்சிலால் லேசாகப் பிள்ளையார் சுழி போட்டுக்கொள்வேன். நிரப்பி முடித்ததும் அதை அழித்துவிடுவேன், அதிகாரிகள் தப்பாக நினைக்கக் கூடாதே. பிறகு கடையில் இருந்த முருகன் படத்தடியில் ஒரு நாள் வைத்து எடுத்துத் தருவேன். கூலி வாங்க மாட்டேன். அது புண்ணியக் கணக்கு.

என் மனைவிக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. “ஊர்ப்பிள்ளைய எல்லாத்தையும் காலேசுக்கு அனுப்புதீக. நம்ம வீட்டு ரேசன் கார்டுல பேரு தப்பா இருக்குன்னு மூணு மாசமாச் சொல்லுதேன்” என்பாள். அது சர்க்கார் எழுத்து, என் கைக்கு அடங்காது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

விண்ணப்பத்தோடு மார்க் ஷீட்டின் நகல் வைக்க வேண்டும். அந்த நகல் சரிதான் என்று பச்சை மசியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தையாகக் கொண்டுபோவேன். பூஜை முடிந்து, பட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நகலுக்குக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல் விண்ணப்பத்தையும் புரட்டிப் பார்ப்பார்.

“ஏங்காணும், அசையாச் சொத்து இல்லை, அசையும் சொத்து இல்லை. எல்லாத்துலயும் இதே எழுதிண்டு வரீரே. ஒண்ணுமே இல்லாதவா இத்தனை பேரா தி. நகர்ல இருக்கா?” என்று ஒரு தடவை கேட்டார்.

இருக்கிறார்கள் ஐயா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. சொத்து என்றால் வயலும் வீடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அசையும் சொத்து என்றால் மாடு என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அசைவது அதுதான். இந்த ஊரில் யாரிடம் மாடு இருக்கிறது? அதனால் எவரையும் கேட்பதில்லை, நானே இல்லை என்று போட்டுவிடுவேன். கேட்டால் பாவம் கூச்சப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு.

மாம்பலத்தில் நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மாள் எங்கள் கடையில் பாத்திரச் சீட்டுக் கட்டி வந்தாள். மாதா மாதம் ஒரு தொகை கட்டினால் வருஷக் கடைசியில் அதற்குரிய பாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். வீடு சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றங்கரைக் குடிசை. புருஷன் உண்டு, ஆனால் எப்போது உண்டு என்று சொல்ல முடியாது. ஒரே பெண். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்காக ஆறு வருஷமாகச் சேர்த்தாள். பித்தளை அண்டா, குடம், வெண்கலப் பானை, அப்புறம் எவர்சில்வரில் சில்லறைச் சாமான்கள். ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரை வெட்டச் சொல்வாள். அதுவும் இங்கிலீஷில். படிக்கிற பெண்ணின் பாத்திரம் படிக்கிற பெண்ணின் பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

பெண் மாநகராட்சிப் பள்ளியில் படித்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கிவிட்டது. தலைமை ஆசிரியை அம்மாளே பெண்கள் காலேஜ் ஒன்றில் பேசி, பி.யூ.சி.க்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனி மாதக் கடைசிக்குள் சேர்க்கைப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். சர்க்கார் உதவிப்பணம் வரும்தான், ஆனால் தீபாவளி கழிந்து வரும். காலேஜ் தீபாவளி வரை காத்திருக்காது. எங்கள் பக்கத்து அறக்கட்டளைதான் வழி என்று தலைமை ஆசிரியை அம்மாள் விண்ணப்பத்தாளையும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அதைத்தான் முந்தானையில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தாள்.

“இத்த ரொப்பிக் குடு அண்ணாச்சி. பொண்ணு பேரு உனுக்குத்தான் தெரியுமே, எத்தினி தபா வெட்டிக்கீற” என்றாள்.

தெரியும். பெயரைக் கேட்காமலே எழுதினேன். மார்க், பள்ளி, அம்மா தொழில், அப்பா தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு, எல்லாம் ஆயிற்று. குடிசைக்குத் தபால்காரர் வர மாட்டார் என்பதால் விலாசத்துக்குக் கடை விலாசத்தைப் போட்டேன். கடைசியில் அசையும் சொத்து வந்தது. இல்லை என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரை எத்தனை பாத்திரத்தில் வெட்டினேன் என்பது எனக்குத் தெரியாதா? வெட்டியதும் இந்தக் கைதான், இல்லை என்று எழுதியதும் இந்தக் கைதான். நடுவில் மனசு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணுக்குச் சேர்த்து வைக்கிற பாத்திரத்தை எங்களில் யாரும் சொத்து என்று சொல்லிக் கேட்டதில்லை. அது போகிற வீட்டுச் சாமான். இங்கே கொஞ்ச நாள் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து கார்டு வந்தது. விண்ணப்பதாரர் வீட்டை நேரில் பார்வையிட ஒருவர் வருவார் என்று. ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்து ரிடையரான இன்னொரு மயிலாப்பூர்க்காரர் சம்பளம் வாங்காமல் அவர்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தார். நேர்மையான மனிதர் என்று பெயர். விண்ணப்பதாரர் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம்.

நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் வருகிறார், வாசலைத் தெளித்துக் கோலம் போட்டு வை, வீடு லட்சுமிகரமாக இருக்க வேண்டும் என்றேன். நல்ல காரியத்துக்கு ஒருவர் படியேறி வரும்போது வீடு மூதேவி பிடித்த மாதிரி இருக்கலாமா என்பது என் எண்ணம். வறுமையைப் பார்க்க வருகிறவரிடம் லட்சுமியைக் காட்டச் சொல்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் நேராகக் கடைக்கு வந்தார், விலாசம் அதுதானே. கையில் குடை, கக்கத்தில் ஃபைல். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பாலத்துக்கு முன்னால் இறங்கி, ஆற்றங்கரையில் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் நான் அந்தப் பெண்ணின் மார்க்கைச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். மனசு நிறைந்திருந்தது எனக்கு. குனிந்து குடிசைக்குள் நுழைகிற வரைக்கும்தான் அது.

உள்ளே கண் கூசியது. எதிர்ச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, பரணில் சாக்குக்குள் கிடந்த அத்தனை பாத்திரத்தையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் அண்டாவில் பட்டு, அங்கிருந்து குடத்தில் பட்டு, கோயில் மூலஸ்தானம் மாதிரி ஜொலித்தது. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வேறு. லட்சுமிகரம் என்றேன் அல்லவா? அந்த அம்மாள் ஓரமாக நின்று என் முகத்தைப் பார்த்தாள். சொன்னதைச் செய்துவிட்டேனா என்கிற பார்வை.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குடத்தின் கழுத்தில் இருந்த பெயரைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பிறகு ஃபைலைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து, குடத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தில் ஆர் என்று ஒன்று உண்டு. அதன் காலை நான் முடிக்கும்போது உளி கொஞ்சம் வெளியே ஓடும், ஒரு சின்ன வால் விழும். பழகிப்போய்ப் பேனாவில் எழுதும்போதும் அந்த வால் விழுந்துவிடும்.

“இந்தக் குடத்துல வெட்டினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் ஐயா.”

“அப்ளிகேஷன்ல எழுதினது?”

“அதுவும் நான்தான் ஐயா.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. “பேஷ். கை ஒண்ணுதான், வாக்குதான் ரெண்டு” என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். அந்த அம்மாள் எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் குனிந்து வெளியேறினார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. குடும்பம் வசதியான நிலையில் இருப்பதாகத் தெரிய வருவதாலும், பெண்ணுக்கு விவாக ஏற்பாடுகள் நடப்பதாகத் தோன்றுவதாலும், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கில்லை. மறு விசாரணை கோரினால் ஒரு மாதத்துக்குள் ஏற்பாடு செய்யப்படும். கூடவே ஓர் அச்சடித்த தாளும் இருந்தது. அதே அறக்கட்டளை ஏழைப் பெண்களுக்குத் தாலியும் பாத்திரமும் கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கிறதாம், தேவைப்பட்டால் அதற்கு விண்ணப்பிக்கலாமாம். அந்தத் தாளில் அசையும் சொத்து பற்றிக் கேள்வியே இல்லை. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

காலேஜில் பணம் கட்ட நாலு நாள் இருந்தது.

அன்று மாலை தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். கடிதத்தைப் படித்துச் சொன்னேன். பெண் படித்த பெண், அதுவே வாங்கி ஒரு தடவை படித்துக்கொண்டது. நான் அதற்குள் ஒரு யோசனை வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கிருத்திகைக்குக் கிருத்திகை வடபழனிக்கு நடந்து போகிறவன் சொல்கிற யோசனை இல்லை அது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடலாம், மறு விசாரணைக்கு எழுதிப் போடலாம், அவர் வந்து வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். சேர்க்கைப் பணத்துக்கு வேறெங்காவது புரட்டிக்கொள்ளலாம் என்றேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

அம்மாளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெண்ணுக்குப் படவில்லை. அதுவரை என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண்.

“அவரு திரும்பி வந்து எங்க போச்சுன்னு கேட்டா அம்மா முழிக்கும். அப்புறம் ஒண்ணுமே கெடைக்காது. நீங்க இல்லைன்னு எழுதிட்டீங்க அண்ணாச்சி. பேசாம இல்லாமப் பண்ணிடலாம். வித்துக் காலேஜ்ல கட்டிடலாம்” என்றது.

அம்மாள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். “இன்னாடி சொல்ற? ஊரான் வூட்டு எச்சி ஏனம் தேய்ச்சி, ஆறு வருசம், கையப் பார்றி, இந்தக் கையப் பாரு. நாளைக்கி உன்னை வெறுங்கையோட எவன் இட்டுக்கினு போவான்? உங்கப்பனா வாங்கித் தருவான்?”

பெண் அடிபட்ட இடத்தைத் தடவிக்கூடக் கொள்ளவில்லை. கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அம்மாள் என் பக்கம் திரும்பி, நீயே சொல்லு அண்ணாச்சி என்றாள். என்ன சொல்வேன்? ஒரு பொய்யை என் கையால் எழுதி, அதைக் கடவுள் படத்தடியிலும் வைத்து எடுத்தவன் நான். அதை மெய்யாக்கிவிடலாம் என்று அந்தக் குழந்தை சொல்கிறது. அம்மாள் என்னையும் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை.

இரவு முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “அந்தச் சாக்கு மட்டும் நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நான் ஊருக்குப் போயிருப்பேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. அண்டா, குடம், பானை எல்லாம் அதில். தாயும் மகளும் நடந்தே வந்திருந்தார்கள். அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. பெயர் வெட்டிய பாத்திரம் பழைய பாத்திரம், ஒரு நாள்கூட அடுப்பில் ஏறாவிட்டாலும் சரி. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பழைய உலோகத்தின் விலைதான். எவர்சில்வரை எடுத்துக்கொள்வதே பெரிது. வருஷக்கணக்காக இந்த விதியை வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னவன் நான். அந்தப் பாத்திரங்களை எல்லாம் பழைய பாத்திரமாக்கியவனும் நான்தான்.

முதலாளியிடம் போய்ப் புது விலை போடச் சொல்லிக் கேட்டேன். “என்னவே பேசுதீரு? கடை நடத்துதோமா, சத்திரம் நடத்துதோமா?” என்றார். பெயரை நானே தேய்த்து எடுத்துவிடுகிறேன், கடை நேரத்துக்கு அப்புறம் உட்கார்ந்து செய்கிறேன் என்றேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், ரிக்‌ஷாவைப் பார்த்தார். பழைய விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டார். புது விலைக்கு ரொம்பக் கீழே. இரண்டுக்கும் நடுவில் தர்மம் எங்கே நின்றது என்று முதலாளிக்கும் முருகனுக்கும்தான் தெரியும். சேர்க்கைப் பணத்துக்கும் புத்தகத்துக்கும் போதுமானது கிடைத்தது. அன்று மத்தியானமே பெண் போய்க் கட்டிவிட்டது.

மறு விசாரணைக்கு எழுதிப் போட்டேன். ஆடி பாதியில் பெரியவர் மறுபடியும் குடையோடு வந்தார். மறுபடியும் ஆற்றங்கரை. இந்தத் தடவை நான் மார்க்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குடிசைக்குள் பலகை மட்டும் இருந்தது, அதன் மேல் இரண்டு அலுமினியத் தட்டும் பெண்ணின் புத்தகங்களும். அவர் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

“சாமான்லாம் எங்கே?”

“வித்துட்டேன் சாமி.”

“ஏன்?”

“நீ கீதுன்னு எழுதிட்ட. கீதுன்னா தர மாட்டாங்களாமே” என்றாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு எழுதினார். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: “நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். அன்னிக்கும் பார்த்ததைத்தான் எழுதினேன். இன்னிக்கும் அதான். என் மேல தப்பு சொல்ல முடியாது.” யாரும் சொல்லவில்லையே ஐயா என்றேன். அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடும்பத்தின் நிலை சமீபத்தில் க்ஷீணமடைந்திருப்பதால் உதவித்தொகை அனுமதிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. மாதா மாதம் ஒரு தொகை, ஒவ்வொரு வருஷமும் நேரில் பார்த்துப் புதுப்பிக்கப்படும். அந்தக் கடிதத்தை முருகன் படத்தடியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் வைத்தேன், வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

விஜயதசமிக்கு அறக்கட்டளையில் விழா. உதவி பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து ஆளுக்கு ஒரு ஞாபகார்த்தப் பரிசு கொடுப்பதாக அந்த வருஷம் முடிவு செய்தார்கள். என்ன பரிசு என்று நினைக்கிறீர்கள்? எவர்சில்வர் தட்டு. ஆர்டர் எங்கள் கடைக்கு வந்தது. அறக்கட்டளையின் பெயரை அத்தனை தட்டிலும் நான்தான் வெட்டினேன்.

விழா முடிந்த மறுநாள் அந்த அம்மாள் துண்டில் சுற்றிய தட்டோடு கடைக்கு வந்தாள். “இத்த நீயே வெச்சிரு அண்ணாச்சி” என்றாள்.

அவர்களே கொடுத்ததுதானே, வீட்டில் வைத்துச் சாப்பிட வேண்டியதுதானே என்றேன்.

“குடுத்தவங்கதான அடுத்த வருசம் வந்து பாக்கப் போறாங்க. ஏனம் கீதுன்னு எழுதிக்கினு பூட்டா இன்னா பண்ணுவ?”

வாங்கிக் கடைப் பரணில் வைத்தேன்.

அடுத்த ஆனியில் பெண் பி.எஸ்ஸி. சேர வேண்டும். பெரியவருக்கு வழி பழகிவிட்டதால் கடைக்கு வராமல் நேரே குடிசைக்குப் போய்விட்டார். பதினொரு மணி இருக்கும், பெண் மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தது.

“தட்டைக் குடுங்க அண்ணாச்சி. டிரஸ்ட்ல குடுத்த தட்டு எங்கேன்னு கேக்கறாரு. அதையும் வித்துட்டேளான்னு கேக்கறாரு. வித்திருந்தா இந்த வருசம் கெடையாதாம்.”

ஏணி போட்டு ஏறி எடுத்தேன். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தேன். அவள் வாங்கிக்கொண்டு உடனே ஓடவில்லை.

“இதக் கொண்டு போனா வசதின்னு எழுதுவாரா?”

“கொண்டு போகலேன்னா வித்துட்டாங்கன்னு எழுதுவாரும்மா. கொண்டு போ” என்றேன்.

ஒரு மாதம் நாங்கள் மூன்று பேரும் என்ன எழுதினார் என்று தெரியாமல் இருந்தோம். அந்த மாதம் நான் வேறு யார் விண்ணப்பத்தையும் தொடவில்லை. வந்தவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கடைசியில் வந்த கடிதத்தில், குடும்பம் ஏழ்மையில் இருப்பதும், அறக்கட்டளை வழங்கிய பரிசைப் பொறுப்போடு பேணி வருவதும் நேரில் கண்டறியப்பட்டதால் உதவி தொடரும் என்று இருந்தது. அதற்கப்புறம் எனக்கு முறை பிடிபட்டுவிட்டது. விஜயதசமிக்கு ஒரு தட்டு வரும், பரணில் ஏறும். ஆனியில் இறங்கும், குடிசைக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வரும். பி.எஸ்ஸி. கடைசி வருஷம் நாலு தட்டு ஆகிவிட்டது. இன்னும் படித்தால் மறுபடி வசதியாகிவிடுவோமோ என்று அம்மாளுக்கு உள்ளூரப் பயம்தான்.

பெண் முதல் வகுப்பில் தேறியது. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அம்மாள் மட்டும் வந்தாள். எனக்கு ஒரு பொட்டலம் பூந்தி கொடுத்தாள். தட்டு நாலையும் இறக்கச் சொன்னாள். இனிமேல் யார் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும் என்றாள். கல்லாப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்டாள்.

“தகடு லேசு அண்ணாச்சி. நான் சீட்டுல எடுத்தது நல்ல கனம்” என்று சொல்லிவிட்டு, நாலையும் இடுப்பில் வைத்துக்கொண்டு உஸ்மான் ரோடு பக்கம் நடந்தாள்.